உப்புக்காற்று, கைவைக்காதே

இரண்டு பத்துக்குக் கரண்ட் போய்
இரண்டு பதினேழுக்கு வந்தது.
யுபிஎஸ் செத்து எட்டு மாதம்,
கொட்டேஷன் யாரோ ஒருவர் மேசையில்.
அதற்குள் ஆண்டார்குப்பம் சந்திப்பிலிருந்து
எங்கள் கேட் வரை நாற்பத்தோரு டிரெய்லர்.
ஏசி நின்ற சர்வர் அறைக்குள்
மணலியின் அமோனியா
செருப்பைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தது.

கருப்புத் திரை.
எடைமேடை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
சிவப்பில் சொன்னது: ஃபெயில்டு.
ரீஸ்டார்ட் என்றேன்.
எழுந்தது, இரண்டு விநாடி நின்றது, விழுந்தது.
மறுபடி. மறுபடி.
ஆறாவது தடவை கணினியே மறுத்துவிட்டது.
இவ்வளவு அவசரமாக எழுப்பினால்
இனி எழுப்பவே மாட்டேன்.

கேட்டிலிருந்து தைரியநாதன்:
“ஹாரன் அடிக்கிறானுங்கோ மேடம், கேக்குதா?”
கேட்கிறது, கண்ணாடியே அதிர்கிறது.
போனில் மேனேஜர்:
“மொத்தமா ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா.”
அதைத்தானே சார்
மின்வாரியம் இப்போது செய்துவிட்டுப் போனது.

லாகைக் கீழிருந்து மேலே படித்தேன்.
விழுந்ததன் மேல் குற்றமில்லை.
எழுந்த உடனே போய் டேட்டாபேஸைக் கூப்பிடுகிறது.
அதுவோ, கரண்ட் போன நேரத்தில்
கையிலிருந்த கணக்கு பாதியில் அறுந்து,
ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.
பதில் வராத வாசலில்
இரண்டு விநாடிக்கு மேல் நிற்க
இதற்குச் சொல்லித்தரவில்லை யாரும்.
யாருக்குப் பின்னால் யார்
என்பது கோப்பில் எங்கும் இல்லை.

எழுதினேன். ஆஃப்டர் என்று ஒரு வரி,
ரிக்வயர்ஸ் என்று இன்னொன்று.
எழுதினால் போதாது,
எழுதியதைப் படி என்று தனியாகச் சொல்லவேண்டும்.
சொன்னேன்.
தோல்விக் கணக்கை அழிக்க ஒரு கட்டளை, அதையும்.
ஸ்டார்ட்.

பச்சை.

முதல் வண்டி: முப்பத்திரண்டு டன் நானூற்று எண்பது.
தைரியநாதன் கம்பியைத் தூக்கினார்.

கை சும்மா இருக்கவில்லை.
ஓடுகிற சர்வீஸ் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன்.
நடுவில் ஒன்று, நான் கொன்றது.
போன வாரம் புதன்கிழமை,
மெமரியைத் தின்கிறது, பெயரும் புரியவில்லை என்று
ஸ்டாப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.
டிஸேபிள் போட மறந்துபோனேன்.
ஸ்டாப் என்றால் இந்த முறைக்கு மட்டும்.
மெஷின் அடுத்து கண்விழிக்கும்போது
அதுவும் எழுந்துவிடும்
என்பது எனக்குத் தெரியாததா?
தெரிந்தும்.

இப்போதுதான் அதன் கோப்பைத் திறந்தேன்.
மேலே ஒரு குறிப்பு:
“உப்புக்காற்று. கைவைக்காதே. மீரான்.”
மீரான் ஜெபல் அலி போய் இரண்டு வருடம்.
அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே பன்னிரண்டு வரி நிரல்.
காலி மேடையைப் பார்த்து
முள்ளைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடும்,
எழுந்ததும் ஒரு தடவை,
பிறகு தினமும் விடியற்காலை நாலு மணிக்கு.
எண்ணூர்க் காற்று எடைமேடையின் அடியில் போய்
ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோவாக
ஏற்றிக்கொண்டே இருக்குமாம்.

ஒன்பது நாள்.

ஜன்னலில் தட்டினார் தேசப்பன்,
பச்சை டிரெய்லர், எர்ணாவூர்.
“இன்னா மேடம், முந்தாநாளு இதே பொட்டி, இதே வண்டி,
அறுவது கிலோ கூட காட்னுச்சு.
ஓவர்லோடுன்னு துட்டு கட்டிட்டுப் போனேன்.
இன்னிக்குக் கரீட்டா கீது. இன்னா மேட்டரு?”

மேடை சரியாகிவிட்டது என்றேன்.
அது பொய்யில்லை.
அவர் போகவில்லை. நானும் திரையைப் பார்க்கவில்லை.

“ரசீது வெச்சிருக்கீங்களா?”

சட்டைப்பையைத் தடவினார்,
டேஷ்போர்டில் தேடிவிட்டு வந்தார்.
“வூட்ல கீது போல.”

“எடுத்துட்டு வாங்க. என் பேரச் சொல்லி
தைரியநாதன்கிட்ட குடுங்க.”

பின்னால் நின்ற வண்டி
நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.